விடுப்பில் படித்த பட்டாளத்து டாக்டர்

பட்டாளத்துக்குப் போனா படிப்புக்கு முழுக்குன்னு நம்ம திருவண்ணாமலைப் பக்கம் பேச்சு உண்டு. சர் ரொனால்டு ராஸ் கதை வேறு மாதிரி.

1857-ல் அல்மோராவில் பிறந்தவர். தந்தை ராணுவத் தளபதி. மகனுக்கோ கவிதை, ஓவியத்தில்தான் ஆசை. அப்பா பேச்சைத் தட்ட முடியாமல் லண்டனில் மருத்துவம் படித்தார். சுமாரான மாணவர்தான், ஒரு பரீட்சையில் கோட்டும் அடித்தார்! 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். வேலை குறைவு, ஓய்வு அதிகம். கதை எழுதிக்கிட்டே பென்ஷன் வரை ஓட்டியிருக்கலாம்.

ஏழு வருஷ சர்வீசுக்குப் பிறகு, 1888-ல் நீண்ட விடுப்பில் லண்டன் போனார். ஊர் சுற்றவில்லை, பொதுச் சுகாதாரத்தில் டிப்ளமோ வாங்கினார், நுண்ணுயிரியலும் கற்றார். படையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் படிப்பு விடுப்புக்கு மனுப் போடும்போது இவரை நினைக்கலாம். 1894-ல் மறுபடி விடுப்பு. அப்போதுதான் பேட்ரிக் மேன்சன் மலேரியாக் கிருமியைக் காட்டி, கொசுவின் மீது சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார்.

திரும்பி வந்து செகந்திராபாத்தில், வியர்வை பட்டு மைக்ராஸ்கோப் திருகே துருப்பிடிக்கும் அளவுக்கு உட்கார்ந்தார். உசேன் கான் என்ற நோயாளி, கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா வாங்கிக்கொண்டார். 1897 ஆகஸ்ட் 20-ல் கொசுவின் வயிற்றில் கிருமி அகப்பட்டது. மேலிடம் செய்த கைம்மாறு? அடுத்த மாதமே, மலேரியா அரிதான ராஜபுதனப் பக்கம் மாற்றல்! 1898-ல் கல்கத்தாவுக்கு வந்த பிறகே, பறவைகளை வைத்து மிச்ச வேலையை முடித்தார். 1902-ல் நோபல் பரிசு.