ஒன்றும் ஒன்றும் இரண்டல்ல

தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் செங்கல்பட்டு, நடிகை வஹீதா ரஹ்மான் பிறந்த ஊர். தெலுங்குப் படமொன்றில் ஆடிய அவரை இந்தித் திரையுலகுக்கு அழைத்துச் சென்றவர் குரு தத். அந்தக் கலைஞரின் வாழ்க்கை முடிந்த விதம், தூக்க மாத்திரையை வீட்டில் வைத்திருக்கும் அனைவரும் அறிய வேண்டியது.

1925 ஜூலை 9 அன்று பெங்களூரில் பிறந்த குரு தத், கல்கத்தாவில் வளர்ந்தார். அல்மோராவில் உதய் சங்கரிடம் நடனம் பயின்று, புணேயின் பிரபாத் நிறுவனத்தில் திரைத்தொழில் கற்றார். 1951-இல் 'பாஸி' படத்தின் மூலம் இயக்குநரானார். 1953-இல் பாடகி கீதா ராயை மணந்தார். 1957-இல் வெளிவந்த 'ப்யாசா' அவரை உச்சத்தில் நிறுத்தியது. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே ஃபூல்' 1959-இல் பெருந்தோல்வி கண்டது. அதன் பிறகு எந்தப் படத்திலும் இயக்குநராகத் தம் பெயரை அவர் இடவில்லை. தமிழ்ப் படமான 'சாரதா'வின் இந்தி வடிவமான 'சுஹாகன்' படத்தில், கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் நடித்தார்.

தொழிலில் தோல்வியும் இல்லறத்தில் விரிசலும் உறக்கத்தைப் பறித்தன. மதுவும் தூக்க மாத்திரையும் துணையாயின. 1964 அக்டோபர் 10 அன்று மும்பை பெடர் சாலை வீட்டில் இறந்து கிடந்தார். வயது 39. அவ்விரண்டும் உடலில் சேர்ந்ததே காரணம் எனப்பட்டது. முன்பும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் என்பதால் ஐயம் எழுந்தது. மறுநாளுக்குச் சந்திப்புகள் திட்டமிட்டிருந்ததால் விபத்தே என்றனர் குடும்பத்தினர். அக்கேள்விக்கு இன்றும் விடையில்லை.

சேர்க்கையின் ஆபத்தில் மட்டும் ஐயமில்லை. இரண்டு பொருள்கள் இணையும்போது கூட்டு விளைவு, தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை மிஞ்சக்கூடும் என்று பொருளியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். உடலிலும் அதே கணக்குதான். மதுவும் தூக்க மாத்திரையும் பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையும் மூளையின் ஒரே தடுப்பு அமைப்பைத் தூண்டுகின்றன. தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் ஒன்றுசேர்ந்தால் மூச்சு மெலிகிறது. உறங்குபவர் அதை உணர்வதில்லை. அரைமயக்கத்தில், விழுங்கியதை மறந்து மீண்டும் விழுங்குவோரும் உண்டு.

அக்காலத்தில் பெருமளவில் புழங்கிய பார்பிட்யூரேட் மருந்துகள் இன்று தூக்கத்துக்கு அரிதாகவே தரப்படுகின்றன. அல்பிரசோலம், குளோனசெபம், சோல்பிடெம் ஆகியவை அவற்றைவிடப் பாதுகாப்பானவை. ஆனால், அந்தப் பாதுகாப்பு தனியாக உட்கொள்ளும்போது மட்டுமே. இவ்வகைத் தணிப்பு மருந்துகளை டிரமடால் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளுடன் சேர்ப்பது குறித்து 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டில் அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் மூன்றுமே 'எச்1' அட்டவணையில் உள்ளன. மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்பனையைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஆனால், சீட்டே மூன்றாக இருந்தால்? சேலையூரில் தனியே வாழும் என் நண்பர் பதற்றத்துக்கு ஒருவரையும் உறக்கத்துக்கு இன்னொருவரையும் மூட்டுவலிக்கு மூன்றாமவரையும் பார்த்து வந்தார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஒருநாள் காலை பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது. பூட்டை உடைத்து உள்ளே போனபோது குளியலறை அருகே நினைவின்றிக் கிடந்தார். மருத்துவமனையில் மூன்று சீட்டுகளையும் அருகருகே வைத்த பிறகே காரணம் விளங்கியது. நல்லவேளையாகப் பிழைத்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் எத்தனையோ!

எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டுவது முதல் கடமை. மது அருந்தும் பழக்கத்தை அவரிடம் மறைக்கக் கூடாது. அஞ்சி மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். மருத்துவர் சொற்படியே படிப்படியாகக் குறைக்க வேண்டும். எழுப்பியும் எழாமல், மூச்சுத் திணறிக் குறட்டை விடுபவரை உறங்கட்டும் என்று விட்டுவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். உறக்கமின்மைக்குப் பின்னால் மனச்சோர்வு இருந்தால், 'டெலி மானஸ்' 14416 எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

குரு தத் இறந்த இரவில் அவர் அறையில் வேறு எவரும் இல்லை. நம் வீட்டு முதியவரின் மாத்திரைப் பெட்டியை இன்றே ஒருமுறை திறந்து பார்ப்போம்.