கணக்கர் கண்ட கலைமேடை

வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது நம்மைத் திகைக்க வைக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதுதான் முன் அனுபவம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நம் போன்றோர்க்கு அதில் எழுத ஒன்றும் இருப்பதில்லை. பரிந்துரைக்கப் பெரிய மனிதர்களும் இல்லை. கலைத்துறையில் நுழைய நினைப்பவர்க்கோ இத்திகைப்பு இருமடங்கு. அத்தகையோர் அறிய வேண்டியது, தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையாகும்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் தோய்ந்த புலவர். அவரிடமும், பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். ஆயினும் புலமை வேறு, பிழைப்பு வேறு அல்லவா? உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சில காலம் வேலை பார்த்தார்.

1891இல், தம் 24ஆம் வயதில், அவ்வேலையை விட்டு நாடகத்துறை புகுந்தார். உப்புக் கணக்கு எழுதியது நடிப்புக்குத் தகுதியாகுமா? அவரிடம் இருந்த முதல் தமிழ் ஒன்றே. எந்த உத்தியோகத்தையும் எண்ணிப் படிக்காத அந்தத் தமிழே அவருக்குக் கைகொடுத்தது.

இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்கள் அவருக்குப் புகழ் தந்தன. சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு ஒரு பெண் அஞ்சி உயிர் துறந்தாள் என்று நாடக உலகில் சொல்லப்படுகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளால் மனம் நொந்து வேடம் புனைவதையே அவர் விட்டுவிட்டார் என்பர். அரிதில் தேடிய பெயரைத் தாமே கைவிட்டு, நாடகம் எழுதவும் பயிற்றுவிக்கவும் முனைந்தார். புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் எனப் பெயர் பெற்ற பின்னும் அவரிடம் மாணவராக அமர்ந்து இசைநுட்பம் கற்றார் சுவாமிகள்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் நம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். பின்னது சிறுவர்களைக் கொண்டு நடத்திய சபை. பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை எளிதன்று. கண்டிப்பு மிகுதி, உறக்கம் குறைவு. ஆனால் சான்றிதழோ சிபாரிசோ இல்லாத ஏழைச் சிறுவனுக்குச் சோறும் இடமும் தந்து, பாட்டும் வசனமும் பழக்கிய பள்ளி அதுவே. அங்கே பயின்ற டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் அப்போது சிறு பாலகர். அவருக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார். அனுபவமில்லாத பிள்ளைக்கு ஒரு நாடகத்தையே அனுபவமாக எழுதிக் கொடுத்தார் எனலாம். பிற்காலத்தில் திரையில் ஒளிவீசிய பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி.ஆர். ஆகியோரும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. எத்தனையோ சிறுவர்க்குப் பேசக் கற்றுக்கொடுத்த நா பேச்சிழந்தது. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர் விட்டுச்சென்ற செல்வம் நாடகங்களும் மாணவர்களுமே.

இன்றும் மதுரையைச் சுற்றியுள்ள கிராமத் திருவிழாக்களில் அவருடைய வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது, அவர்கள் எங்கே படித்தார்கள் என்று கூட்டம் கேட்பதில்லை. சொல் தடுமாறினால் மட்டும் உடனே தெரிந்துகொள்கிறது. நண்பர்களே, விண்ணப்பத்தில் வெற்றிடம் இருக்கட்டும். அதை நிரப்பும் நாள் வரும். அதுவரை கற்பதை விடாதிருப்போம். நாம் ஒரு நிலைக்கு உயர்ந்தபின், நமக்குப் பின்னே வெறுங்கையோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு முதல் வாய்ப்பை நாமே கொடுப்போம். சுவாமிகளுக்கு நாம் செலுத்தும் குருகாணிக்கை அதுவே.