டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நம் புதுச்சத்திரம் பக்கத்துக் கிணறுகளில் நீர் இருந்தாலும், கரண்ட் இல்லையேல் மோட்டார் ஓடாது. வயலுக்குச் சொட்டு நீர் ஏறாது. நம் சிறுநீரகத்திலும் இத்தகைய பம்புகள் உண்டு என்றால் மாணவியர் வியப்படையக்கூடும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்படுகிறது. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர்தான். மற்றதெல்லாம் நுண்குழாய்களின் வழியே மீண்டும் இரத்தத்தை அடைகிறது. அக்குழாய்ச் செல்களிலுள்ள பம்புகள் சோடியத்தை ஓயாது இறைக்கின்றன. நீர் அதைப் பின்தொடர்கிறது. இந்தப் பம்புகளுக்குக் கரண்டாக விளங்குவது ஏ.டி.பி. என்னும் பொருள். அதைத் தசையிலிருந்து பிரித்தறிந்தவர்களுள் ஒருவர் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பது நம்மில் பலர் அறியாதது.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தார். வறிய குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். (நம் பத்தாம் வகுப்பினர் இதைக் கவனிக்க!) சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியடிகளின் வழியில் கதராடை அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாக்கியது, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரைச் ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவர் நெஞ்சில் இருந்தது.

1922-இல் மாமனார் முதலியோர் உதவியால் கப்பலேறிப் பாஸ்டன் நகரை அடைந்தார். இந்திய மருத்துவச் சான்றுக்கு அங்கே மதிப்பில்லை. வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினார். பின்னர் ஹார்வர்டில் பிஸ்க் என்பாருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தைக்கொண்டு அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். இன்றும் அது இருவர் பெயராலும் வழங்குகிறது. சிறுநீர்க் கலம் கழுவிய கைகளே அச்சிறுநீரின் இரசாயனத்தை உலகுக்குக் கற்பித்தன.

அந்த அளவுகோல் கையில் இருந்ததால் மற்றவை தொடர்ந்தன. 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டனர். தசையிலுள்ள கிரியேட்டின் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் தளர்கிறதென மருத்துவர் ஐயுறுவர். நம் வீட்டுப் பெரியவர்களின் பரிசோதனைச் சீட்டில் இப்பெயரைக் காணாதவர் யார்? 1929-இல் ஏ.டி.பி.யும் அகப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதைக் கண்டார். நூல்கள் பெரும்பாலும் அவரையே குறிப்பிட்டன. ஹார்வர்டில் நிலையான பதவியும் சுப்பாராவுக்கு வாய்க்கவில்லை. இது நமக்கு வருத்தமளிக்கிறது. அவரோ வாய்விட்டு முறையிட்டதாகத் தெரியவில்லை.

1940-இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகளின் சோகைக்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் அங்கிருந்து வந்ததே.

1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஏ.டி.பி.யால் இயங்கும் சோடியப் பம்பை டென்மார்க்கின் ஸ்கௌ 1957-இல் கண்டறிந்தார். 1997-இல் நோபல் பரிசும் பெற்றார். சுப்பாராவுக்கு இந்திய அரசு 1995-இல் தபால்தலை வெளியிட்டது. மூன்றாண்டில் திரும்புவதாக மனைவியிடம் சொல்லிச் சென்றவர், தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.