6174: உலகக் கணிதத்தில் பெயர் பதித்த தேவ்லாலி பள்ளி ஆசிரியர்

நாசிக்: மகாராஷ்டிர மாநிலம் நாசிக் அருகேயுள்ள தேவ்லாலியில் 32 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் டி.ஆர். கப்ரேக்கர். 6174 என்ற எண் இன்று உலகெங்கும் அவரது பெயராலேயே கப்ரேக்கர் மாறிலி என அழைக்கப்படுகிறது.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் 1905 ஜனவரி 17 அன்று டஹாணுவில் பிறந்தார். புணே பெர்குசன் கல்லூரியில் பயின்றபோது, 1927-இல் ராங்லர் பராஞ்சபே கணிதப் பரிசை வென்றார். 1929-இல் பட்டம் பெற்றார். முதுநிலைக் கல்வி பயிலவில்லை. அடுத்த ஆண்டு ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

6174-இன் இயல்பை அவர் 1946-இல் கண்டறிந்தார். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண்ணின் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். விடையையும் அவ்வாறே தொடர்ந்து கழித்துவந்தால், அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 கிடைத்துவிடும். அவர் பிறந்த ஆண்டான 1905-ஐ எடுத்துக்கொண்டால், 9510-இலிருந்து 0159-ஐக் கழிக்க 9351 வரும். பின்னர் 8172, 7443, 3996, 6264, 4176 எனச் சென்று ஏழாவது படியில் 6174 வந்து சேர்கிறது. அதன்பின் எத்தனை முறை கழித்தாலும் அதே எண்தான். இதை அவர் 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார்.

பேரெண்களிலும் அவர் ஒழுங்கைத் தேடினார். ஒன்பது ஒன்றுகள் கொண்ட 111111111-ஐ வர்க்கப்படுத்தினால் 12345678987654321 என்ற 17 இலக்க எண் கிடைக்கும். இடமிருந்தும் வலமிருந்தும் ஒரேபோல் வாசிக்கக்கூடிய இத்தகைய எண்களுக்கு, மும்பை அருகே தாம் இவற்றைச் சிந்தித்த ரயில் நிலையத்தின் நினைவாக டெம்லோ எனப் பெயரிட்டார். இன்றைய டோம்பிவிலி நிலையம்தான் அது.

142857-இன் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 எனப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 142857 வரும். இவ்வகை எண்கள் கப்ரேக்கர் எண்கள் எனப்படுகின்றன. 45 இதற்கு எளிய சான்று: அதன் வர்க்கம் 2025, 20-உம் 25-உம் சேர்ந்தால் 45.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று இந்தியக் கணித அறிஞர் பலர் கருதினர். அந்தக் கணிப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. எண்களின் இவ்வியல்புகளுள் பல, பத்தின் அடிமானத்தில் எழுதும் நம் வழக்கத்தைச் சார்ந்தவை. ஆயினும் கப்ரேக்கர் தளரவில்லை; தம் ஆய்வுகளைச் சிறு நூல்களாகத் தாமே அச்சிட்டார்.

1962-இல் ஓய்வு பெற்றார். 1966-இல் மனைவியை இழந்தார். ஓய்வூதியம் போதாமல், தனிப்பயிற்சி வகுப்புகள் நடத்தி வாழ்ந்தார். 1975-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் அவரைப் பற்றி எழுதிய பின்னரே பிற நாட்டினர் அவரைப் பரவலாக அறிந்தனர். அப்போது அவருக்கு வயது 70. 1986-இல் அவர் காலமானார்.