கணக்கில் மட்டும் பாஸ்

நம்ம கும்பகோணம் கல்லூரியில் 1904-ல் எஃப்.ஏ. சேர்ந்த ராமானுஜனுக்கு உதவித்தொகை இருந்தது. கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போச்சு. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் ஃபெயில். 1907-ல் தனியாக எழுதியும் கணக்கு மட்டும்தான் பாஸ்.

நான் துணைப்பாடத்தில் கோட்டைவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது சீனியர் அண்ணன் ஒருத்தர் இந்தக் கதையைத்தான் சொன்னார். ஆறுதலை விடப் பயம்தான் வந்தது. அவருக்குக் கணக்காவது இருந்ததே!

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. மறு வருஷம் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கப்புறம், பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை தரணும். பரீட்சை கிடையாது! 1914-ல் கப்பலேறினார். 1916-ல் கேம்பிரிட்ஜில் பி.ஏ., 1918-ல் எஃப்.ஆர்.எஸ். 1919-ல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் மறைந்தார். வயது 32.

நண்பர்களே, நான் அடுத்த தடவை எழுதித் தேறினேன். பாஸ் மார்க்குக்கு மேலே ரெண்டே ரெண்டு.