வலியே இல்லைன்னா நல்லதா? செங்கல்பட்டில் கை குலுக்கியபோது திசை மாறிய டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை

உளவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஆரம்பப் பாடங்களிலேயே புலன் உணர்வும் வலியும் வந்துவிடும். வலி என்பது உடம்புக்கு மூளை தரும் எச்சரிக்கை என்பார்கள். அந்த எச்சரிக்கை நின்னுபோனா என்ன ஆகும்? தொழுநோயாளிகளைக் கவனித்து அதைக் காட்டியவர் பால் பிராண்ட்.

யார் இவர்? 1914-ல் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். 9 வயதில் படிக்க இங்கிலாந்து போனவர், லண்டனில் மருத்துவம் முடித்து 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார்.

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க வரும்படி டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைத்தார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி வலிக்கிற அளவுக்கு இறுக்கமா இருந்தது! செயலிழந்த கையில் இவ்வளவு பலம் எப்படி?

தொழுநோயில் சதை தானாக அழுகி விழும் என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்ட் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று தேடினார். துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. சிலருக்கு ராத்திரியில் விரல் காணாமல் போனது. ஆள் வைத்து விழித்திருந்து பார்த்தபோதுதான், தூங்குபவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதன்பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

நோய் நரம்பை அழிக்கிறது. வலி தெரியாததால் வரும் காயங்களே விரல்களை அழிக்கின்றன. இதுதான் அவர் கண்டது. நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளையும் செய்தார். 1960-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே செயற்கை வலியை உருவாக்கும் முயற்சி நடந்தது. கையில் அழுத்தம் அதிகமானால் காதில் சத்தம் கேட்கும் கருவி; யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள், அவ்ளோதான். நம் இஷ்டத்துக்கு அணைக்க முடிகிற வலி, வலியாக வேலை செய்யாது என்பது புரிந்தது. திட்டமும் கைவிடப்பட்டது.

2003-ல் சியாட்டிலில், 88 வயதில் பிராண்ட் இறந்தார். அவர் கை குலுக்கிய செங்கல்பட்டு மருத்துவமனை 1955-ல் மத்திய அரசு வசமாகி, திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமானது.