கார்ல்டன் வாட்கின்ஸ்

நேரிற் காணாத பள்ளத்தாக்கு ஒன்றைக் காக்குமாறு ஒரு நாட்டினரை இணங்கச் செய்தல் எங்ஙனம்? கார்ல்டன் வாட்கின்ஸ் என்னும் புகைப்படக் கலைஞரின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

இவர் 1829-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஒனியோன்டா என்னும் ஊரிற் பிறந்தார். பொன் வேட்கையால் பலரும் கலிபோர்னியாவிற்கு விரைந்த அந்நாளில், 1851-இல் தாமும் அங்குச் சென்றார். பின்னர்ப் புகைப்படத் தொழிலைக் கற்றுச் சான்பிரான்சிஸ்கோ நகரில் அதனையே தம் வாழ்வாகக் கொண்டார்.

1861-இல் யோசிமிட்டிப் பள்ளத்தாக்கிற்குப் பயணமானார். பெரிய படம் பெறுதற்குப் பெரிய கண்ணாடித் தகடே வேண்டியிருந்த காலம் அது. ஆதலின் 18 அங்குலத்திற்கு 22 அங்குலம் அளவுள்ள தகடுகளையும் அவற்றிற்கேற்ற கருவியையும் கோவேறு கழுதைகளின்மேல் ஏற்றிச் சென்றார். தகட்டிற் பூசிய மருந்தின் ஈரம் உலருமுன் படம்பிடித்து, இருட்கூடாரத்துள் அதனைக் கழுவி முடித்தல் வேண்டும். இத்துணை இடர்களுக்கிடையே சுமார் 30 பெரும் படங்களை எடுத்து மீண்டார்.

1862-இல் அவை நியூயார்க் நகரிற் காட்சிக்கு வைக்கப்பெற்றன. உள்நாட்டுப் போரில் நாடு நைந்திருந்த வேளையில், ஓங்கிய பாறைகளையும் அருவிகளையும் கண்டோர் வியந்தனர். 1864 ஜூன் 30-ஆம் நாள், அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டார். அவர் கலிபோர்னியாவை ஒருநாளும் கண்டவரல்லர். இச்சட்டத்திற்கு வாட்கின்ஸின் படங்கள் துணைநின்றன என்பது அறிஞர் பலரின் கருத்து.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அப்பள்ளத்தாக்கின் தொல்குடியினரை 1851-இல் படையொன்று துரத்திற்று. அம்மக்கள் புற்றரைகளுக்கு அவ்வப்போது தீயிட்டு, கருவாலி மரங்களைப் பேணி, அவற்றின் கொட்டைகளை உணவாகக் கொண்டவர்கள். வாட்கின்ஸின் புகழ்பெற்ற யோசிமிட்டிக் காட்சிகளில் அவர்களைக் காண்கிலோம். ஆதலின் அது மனிதர் கைபடாத நிலமென்றே பலரும் எண்ணினர். தீயிடும் வழக்கம் ஒழிந்தபின் புற்றரைகளை ஊசியிலை மரங்கள் கவர்ந்துகொண்டன. நீர்ப்பீச்சால் மலைகளைக் கரைத்த சுரங்க முதலாளிகளுக்காகவும் இவரே படம் எடுத்தார் என்பதும் நினைக்கத்தக்கது.

இவரது முதுமை துயர் மிக்கது. 1870-களிற் கடனால் தம் படக்கூடத்தையும் தகடுகளையும் இழந்தார்; அப்படங்கள் வேறொருவர் பெயரால் விற்கப்பெற்றன. மனந்தளராது அக்காட்சிகளை மீண்டும் எடுத்தார். பின்னர்க் கண்ணொளி குன்றிற்று. இவரது படக்கூடத்தையும் தகடுகளையும் 1906-ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. 1910-இல் நேப்பா மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்று, 1916 ஜூன் மாதத்தில் அங்கேயே உயிர்நீத்தார். தேசியப் பூங்காக்களைப் பேணுதற்கென அமெரிக்க அரசு தனித் துறை கண்டது அதற்கு இரண்டு திங்கள் கழித்தேயாம்.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் நிலக்காட்சிகளின் படங்களை மக்களுக்குக் காட்டி, எதனை விரும்புகின்றனர், அந்நிலத்தால் நீரும் நிழலும் மேய்ச்சலும் மன அமைதியும் எவ்வளவு பெறுவதாக எண்ணுகின்றனர் என வினவி அறிகின்றனர். நல்ல முறையே. ஆயினும் படம் காட்டுவதை மட்டுமே மக்கள் மதிப்பிடல் கூடும். ஒரு காட்சியைக் கண்டு மகிழுங்கால், அதன் சட்டத்திற்கு வெளியே நிற்போர் யாவர் என்றும் கேட்கக் கற்போமாக. வாட்கின்ஸின் வெற்றியும் அவர் படங்களின் குறையும் நமக்கு ஒருங்கே புகட்டும் பாடம் இதுவே.